தலைக்கட்டுக் கணக்கு

பொன்னேரி
6 ஏப்ரல் 2021

மாமா,

உன் போன் ஏரியில் போன கதையை அம்மா சொன்னாள். நீ ஊரில் சொல்லிக்கொண்டு திரிவது, ஏதோ ஒரு சுறா எகிறி வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதாம். அம்மா சொன்னது, படகில் நின்றபடி யாரிடமோ பீற்றிக்கொண்டிருந்தாய், கை தவறிவிட்டது. எது உண்மையோ, அம்மா, அத்தை போனுக்கும் படகுத்துறையை விட்டால் டவர் இல்லை, இனிமேல் நமக்குள் எழுத்துதான். ஐஸ் வண்டி சின்னப்பன் அண்ணன் கொண்டுவந்து கொடுக்கும், கொண்டுபோகும்.

ஆஸ்பத்திரியில் என் வேலை உனக்குத் தெரியும். எந்த ஊரில் எத்தனை பேருக்குக் கொரோனா, எத்தனை பேருக்கு ஊசி போட்டாயிற்று என்று வருகிற கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். லீவு எல்லாம் ரத்து. நம் ஊர் சார்பில் கணக்குக் கொடுக்க ஜெகதீஸ்வரன் தலைவர் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் பயந்தேன்.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேலே நம் நடுத்திட்டுக்குப்பத்தில் எத்தனை பேர், இது முதலாவது. அந்த எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் ஊசி மருந்து ஒதுக்குவார்கள். இரண்டாவது, செவ்வாய்க்குச் செவ்வாய், காய்ச்சலில் படுத்திருப்பவர் எத்தனை பேர். உன் கையெழுத்தோடு வரவேண்டும். கூட்டாதே, குறைக்காதே. உன் சுறாவை இதற்குள் விடாதே.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மருந்து வந்ததும் முதலில் அவளுக்குப் போடவேண்டும். நைனா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. இது உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பூவிழி


நடுத்திட்டுக்குப்பம்
9 ஏப்ரல் 2021

என் அக்கா பெற்ற அருமைச் செல்வம் பூவிழிக்கு, உன் தாய்மாமன் சிங்காரம் எழுதுவது.

ஏரியில் உப்புக்கும் குறைச்சல் இல்லை, எங்கள் உடம்புக்கும் ஒரு குறைச்சல் இல்லை. நீ சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். சிரி. நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் நான் போன அன்றைக்கு ஹெட்மாஸ்டர் படகுத்துறை வரை ஓடிவந்து, "சிங்காரம், நீ இல்லாம நான் யார வச்சி கணக்கு நடத்துவேன்?" என்று கண் கலங்கினார். பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது நான் கொரோனா கமிட்டித் தலைவன். தலைவன் என்றால் தனித் தலைவன், எனக்குக் கீழே யாரும் கிடையாது. ஊர் எல்லையில் பனைமட்டையும் முள்ளும் வெட்டிப் போட்டுக் காவல் நிற்கிறேன். நேற்று ஜீப்பில் ஒரு பெரிய ஆபீசர் வந்தார். "மாஸ்க்க மூக்குக்கு மேல ஏத்து நைனா, அப்பால உள்ள வா" என்றேன். அவர் இறங்கி வந்து எனக்கு சல்யூட் வைத்தார். வைக்க வந்து தலையைச் சொறிந்தார் என்று உன் அத்தை மனோரமா சொல்கிறாள். அவளுக்குக் கிட்டப் பார்வை.

கணக்குக்கு வருகிறேன். உன் ஆபீஸ் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டு. எங்கள் ஏரியில் எல்லாரும் ஒரே இடத்தில் வலை இறக்க முடியாது. சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவனுக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் பாடு. கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பாடு. இதில் ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கே ஊரில் மண்டை உடையும். ஆகையால் சர்க்கார் கணக்கு தப்பினாலும் எங்கள் தலைக்கட்டுக் கணக்கு தப்பாது.

நாற்பத்தைந்து தாண்டிய தலைக்கட்டு அறுபத்தைந்து. வீட்டுக்கு ஆம்பளை ஒன்று, அவன் பெண்சாதி ஒன்று. இரண்டால் பெருக்கினால் நூற்று முப்பது. விரலைக்கூட மடக்காமல் சொன்னேன்.

காய்ச்சல் கணக்கும் கேள். பாடு வந்தும் படகு ஏறாமல் படுத்துக்கொண்டவன் இந்த ஊரில் ஒருத்தன் இல்லை. ஆகவே காய்ச்சல் சுழி.

நான் எழுதும்போது உன் அம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள். "இன்னாடா எழுதுற அவளுக்கு? ஊருபட்ட பொய்யி எழுதி அவ வேலைக்கு உல வச்சிடாத" என்கிறாள். நல்ல தெம்பாக இருக்கிறாள்.

இப்படிக்கு
சிங்காரம், கமிட்டித் தலைவர்


பொன்னேரி
19 ஏப்ரல் 2021

மாமா,

உன் கணக்கை ஏற்றிவிட்டேன். நூற்று முப்பது பேருக்கு ஒதுக்கிவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை, இருபத்து நாலாம் தேதி, புயல் பாதுகாப்பு மையத்தில் முகாம். ஜாக்குலின் சிஸ்டர் வருவாங்க. ரொம்ப நல்ல மாதிரி, ஆனால் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவாங்க. மற்ற ஊர்களில் பாதி ஆள் ஊசிக்குப் பயந்து படகில் ஏறி ஓடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஆகக்கூடாது.

அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவளுக்கு ஊசி என்றால் எவ்வளவு பயம் தெரியுமில்லையா? போன வருஷம் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம், "எங்கிட்ட ரத்தமே இல்லம்மா, பக்கத்து வூட்டுல பாரு" என்றாள். நீ கூட இருந்து உட்கார வை. கையைப் பிடித்துக்கொள். அவள் முகத்தை உன் பக்கம் திருப்பி ஏதாவது கதை சொல்லு. உன் கதை ஒன்றாவது உருப்படியாக உதவட்டும்.

இங்கே நிலைமை நீ நினைப்பது போல இல்லை. காலையில் நான் ஏற்றுகிற பெயர், சாயங்காலம் வேறு பத்திக்குப் போய்விடுகிறது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

அம்மாவுக்குப் போட்டாயிற்று என்று உன் எழுத்தைப் பார்க்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. இதை அவளுக்கே படித்துக் காட்டு.

பூவிழி


நடுத்திட்டுக்குப்பம்
25 ஏப்ரல் 2021

பூவு,

வெற்றி! நூற்று முப்பதுக்கு நூற்று முப்பது. ஒரு சொட்டு மிச்சமில்லை. பக்கத்து ஊர் கோட்டைக்குப்பத்துக்காரன் இனி நம் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பானா?

முகாம் நடந்த அழகைச் சொல்கிறேன். தள்ளுமுள்ளு வரக்கூடாது என்று நான்தான் யோசனை சொன்னேன். சீட்டுப் போடும்போது எப்படித் தலைக்கட்டு வரிசையில் பெயர் கூப்பிடுவோமோ, அதே வரிசை. தண்டோராக்காரன் கூப்பிடக் கூப்பிட, ஆம்பளையும் பெண்சாதியும் ஜோடியாக உள்ளே போனார்கள். கல்யாண மண்டபத்தில் ஆசீர்வாதம் வாங்கப் போவது போல இருந்தது. ஜாக்குலின் சிஸ்டர் அசந்து போய், "எத்தனையோ ஊர் பாத்துட்டேன், இந்த மாதிரி ஒழுங்க நான் பாத்ததில்ல" என்றார். இது நான் சேர்த்தது இல்லை, சத்தியம்.

ஜெகதீஸ்வரன் தலைவர் ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். போட்டு முடித்தும் கண்ணைத் திறக்கவில்லை. "தலைவரே, முடிஞ்சிது எழுந்துரு" என்று நான்தான் தட்டி எழுப்பினேன். எனக்குப் போட்டபோது ஊசி வளைந்துவிட்டது. புயலில் துடுப்புப் போட்ட கை இது. இரண்டாவது ஊசியும் வளைந்தது. மூன்றாவது இறங்கியது.

உன் அம்மா விஷயம். நீ வாங்கிக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலைக்குக் குளித்து வந்தாள். பயமா? அவளா? சிங்கம் மாதிரி உட்கார்ந்தாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "வலிக்குதாம்மா?" என்று சிஸ்டர் கேட்டார். "கெளுத்தி முள்ளு குத்துனதுக்கு முன்னாடி இது இன்னா தாயீ" என்றாள். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

போட்டாயிற்று. நீ சோறு தின்னு.

காய்ச்சல் சுழி.

சிங்காரம்


பொன்னேரி
4 மே 2021

மாமா,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கெளுத்தி முள் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் பயந்துவிட்டாள். இந்தக் கட்டடத்தில் யாரும் சிரித்து நாளாயிற்று. அன்றைக்கு இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன்.

நம் ஊர் நூறு சதவீதம் என்று மீட்டிங்கில் படித்தார்கள். நீ கேட்டால் ஊரைக் கூட்டிச் சொல்வாய், அதனால் அதிகாரி என்ன சொல்லிப் பாராட்டினார் என்பதை எழுதமாட்டேன். கம்ப்யூட்டரில் நம் ஊர் வரிக்குப் பச்சை நிறம் கொடுத்திருக்கிறேன். முடிந்த ஊர் என்று அர்த்தம். இப்போது மருந்து வரத்து நின்றுவிட்டது. வருகிற கொஞ்ச நஞ்சத்தையும் பாக்கி இருக்கிற ஊர்களுக்குத்தான் அனுப்புகிறோம். நாம் முந்திக்கொண்டது எவ்வளவு நல்லது!

ஒன்று கேட்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா படகுத்துறைக்கு வந்து போன் பண்ணினாள். குரல் கம்மியிருந்தது. கேட்டால், "டவரு இல்ல, வச்சிடுறேன்" என்று வைத்துவிட்டாள். டவர் இல்லாவிட்டால் குரல் விட்டு விட்டுக் கேட்கும், கம்மாது. அவளுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது. நான் வருகிறேன் என்றால், ஆஸ்பத்திரிக்காரங்களோடு பழகுகிறவள் ஊருக்குள் வரக்கூடாது என்று நீங்களே முள் வைத்திருக்கிறீர்கள். ஒரு ஊசி உள்ளே போயிருக்கிறது என்கிற தைரியத்தில்தான் இருக்கிறேன்.

பூவிழி


நடுத்திட்டுக்குப்பம்
9 மே 2021

பூவு,

குரலா? அது ஒரு பூனை செய்த வேலை. புலி அளவு இருக்கும். கருவாட்டுப் பாயில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. உன் அம்மா அதைத் திட்டிய திட்டில் அக்கரையில் இருந்தவன் வலையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அவ்வளவு கத்தினால் யாருக்குத்தான் தொண்டை கட்டாது? மிளகுக் கஷாயம் வைத்து மனோரமா கொடுத்தாள்.

கடலுக்குத் தடைக்காலம், அதனால் ஏரிதான் சோறு போடுகிறது. பாடு தவறாமல் நடக்கிறது. ஒருத்தனும் படுக்கவில்லை. காய்ச்சல் சுழி.

அதிகாரி என்ன சொல்லிப் பாராட்டினார் என்று எழுதாமல் விட்டது உன் தவறு. அதை விடு. வேறொன்று கேட்க நினைத்தேன். அந்த ஊசி வண்டி இந்தப் பக்கம் மறுபடி எப்போது வரும்? ரொம்ப வேண்டாம், ஏழெட்டுப் பேருக்கு இருந்தால் போதும். எனக்காகக் கேட்கவில்லை, ஊரில் ஒருத்தர் கேட்டார். அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் சீக்கிரம் வந்தால் நல்லது.

நாம் முந்திக்கொண்டது நல்லது என்று நீ எழுதியிருந்ததை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

சிங்காரம்


பொன்னேரி
22 மே 2021

சிங்காரம் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை காலையில் ஐஸ் வண்டியில் உங்கள் தாள் வந்தது. காய்ச்சல் சுழி என்று இருந்தது. நம் ஊருக்கு நேரே சுழியை ஏற்றினேன். சாயங்காலம் அதே வண்டியில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் அம்மா வந்தாள்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நீங்கள் நின்றதைப் பார்த்தேன். கிட்டே வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் வண்டியிலேயே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். முகத்தைச் சுற்றிக் கட்டுவதற்குள் ஒரு தடவை பார்க்கவிட்டார்கள்.

ஊசி போட்டவளுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படி ஆகும் என்று டாக்டரிடம் சண்டை போட்டேன். அவர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அப்புறம் என் சீட்டில் போய் உட்கார்ந்து அம்மாவின் ஆதார் எண்ணைத் தட்டினேன். யார் யாருக்கோ தினமும் செய்கிற வேலைதானே? "பதிவு இல்லை" என்று வந்தது. நம்பரைத் தப்பாகத் தட்டினேன் என்று நினைத்து மறுபடியும் தட்டினேன். மறுபடியும்.

நூற்று முப்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் ஜோடி ஜோடியாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது. நைனா செத்த அன்றைக்கே ஊர் எங்கள் வீட்டுத் தலைக்கட்டை எடுத்துவிட்டது. தாலி அறுத்தவளுக்குப் பாடு கிடையாது. பாடு இல்லாதவளுக்குப் பெயர் கிடையாது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நீங்கள் தலைக்கட்டு என்று விளக்கமாகவே எழுதியிருந்தீர்கள். நான் பெருக்கல் சரியா என்று மட்டும் பார்த்தேன். என் அம்மாவை எண்ணாத கணக்கை என் கையால் ஏற்றி, பச்சை நிறமும் கொடுத்தேன்.

பரிசோதனை செய்யாததால் கொரோனா என்று எழுதமாட்டார்களாம். மூச்சுத்திணறல் என்று கொடுத்திருக்கிறார்கள். அதனால் அந்தக் கணக்கிலும் அவள் இல்லை.

அவளுக்குப் போடவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இங்கே ஒரு மருந்துப் புட்டி திறந்தால் கடைசியில் ஒன்றிரண்டு மிஞ்சுகிற நாட்கள் இருந்தன. வண்டி அனுப்பி அழைத்து வந்து என் கண் எதிரே போட்டிருப்பேன்.

இனிமேல் கடிதம் வேண்டாம். செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை மட்டும் அனுப்புங்கள்.

கையெழுத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டேன், செத்த தகப்பனுக்குத்தான் உங்கள் ஊரில் இடமில்லையே.

பூவிழி


நடுத்திட்டுக்குப்பம்
26 மே 2021

பூவு,

வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

பால் தெளித்த அன்றைக்கு ஊரே திரண்டு வந்தது, ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை என்று எழுதினேன். மேலே அடித்திருக்கிறேன் பார், அதுதான். யாரும் வரவில்லை. மனோரமாவும் நானும்தான். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

முகாம் அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். பச்சைப் புடவை உண்மை. தலைக்குக் குளித்ததும் உண்மை. காலையிலேயே வந்து புயல் மையத்துக்கு எதிரே பூவரச மரத்து நிழலில் உட்கார்ந்தாள். தாலி இல்லாத மற்ற பெண்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுப் போடுகிற நாளில் அவர்கள் ஒதுங்கி உட்காருவது வழக்கம். யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. தாங்களாகவே போய் உட்கார்ந்தார்கள். நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இங்கேயும் அங்கேயும் ஓடினேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜாக்குலின் சிஸ்டர் பெட்டியை மூடின பிறகுதான் அக்கா எழுந்து வந்தாள். "சிங்காரம், எங்க பேர எப்போடா கூப்புடுவாங்க?" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அடுத்த வாரம்க்கா, உங்களுக்குனு தனியா வருது" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை, நானே சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. மூடின பெட்டியைப் பார்த்தாள். அப்புறம், "அவகிட்ட போட்டாச்சுனு எழுதிடு. இல்லனா அந்தப் பொண்ணு சோறு துன்னாது" என்றாள்.

இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதவில்லை. அவள் சொன்னது ஒரே ஒரு சொல். சிங்கமும், கெளுத்தி முள்ளும், கை தட்டலும் நான் சேர்த்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதியிருந்தால் உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான்தான் நீ நம்பும்படி எழுதினேன்.

காய்ச்சல் வந்து அவள் படுத்த பிறகும், பாடு உள்ளவன் எவனும் படுக்கவில்லை என்றுதான் சுழி போட்டேன். எழுதும்போது அவள் இருமுவது காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "அவகிட்ட சொல்லாத, வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடும்" என்றாள். நானும் அதுதான் சரி என்று இருந்துவிட்டேன். கடைசி நாள் மூச்சுக்குத் தவித்தபோது சின்னப்பனிடம் ஓடினேன். ஐஸை இறக்கக்கூட நேரமில்லை. வண்டியில் என் மடியில்தான் தலை வைத்திருந்தாள். என்ன சொன்னாள் என்று எழுதலாம், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. திருப்பாலைவனம் தாண்டும்போது என் கையை விட்டுவிட்டாள்.

வீடு வீடாகப் போய் எண்ணி அனுப்புகிறேன்.

சிங்காரம்


நடுத்திட்டுக்குப்பம்
1 ஜூன் 2021

பொன்னேரி ஆபீசுக்கு.

வீடு வீடாக எண்ணியது. காய்ச்சல் நாலு பேர். எல்லாரும் பெண்கள். அதில் தாலி இல்லாதவர் மூன்று. ஒருவர் தலைவர் ஜெகதீஸ்வரன் மனைவி. அவருக்கும் சேர்த்துப் பரிசோதனை வேண்டும்.

நாற்பத்தைந்துக்கு மேல் ஊசி போடாதவர் ஏழு பேர். முன்பு எட்டு.

சிங்காரம்


பொன்னேரி
3 ஜூன் 2021

சிங்காரம் அவர்களுக்கு,

எண்ணிக்கை கிடைத்தது. நாளை பரிசோதனைக்கு ஆள் வருவார்கள். காய்ச்சல் இல்லாத நாலு பேருக்கு ஊசி மருந்தோடு திங்கட்கிழமை ஜாக்குலின் சிஸ்டர் வருவார். அவர்கள் உள்ளே உட்கார நாற்காலி போடவும்.

பூவிழி


நடுத்திட்டுக்குப்பம்
8 ஜூன் 2021

பொன்னேரி ஆபீசுக்கு.

நாலு பேருக்கும் ஊசி போட்டது. நாற்காலி போட்டது.

பரிசோதனையில் கொரோனா என்று வந்தது இரண்டு பேர். தாலி இல்லாத மூவரில் மஞ்சு, வயது 49. தலைவர் மனைவி, வயது 56. இரண்டு பேரும் தேறி வருகிறார்கள்.

புதிதாகக் காய்ச்சல் ஒருவர். சிங்காரம், ஆண், வயது 54. ஊசி ஒன்று போட்டவர். ஐந்தாம் நாள். நடந்தால் மூச்சு வாங்குகிறது.

சிங்காரம்


பொன்னேரி
8 ஜூன் 2021, செவ்வாய்

மாமா,

சின்னப்பன் அண்ணனை அரை மணி நேரம்கூட நிற்கவிடாமல் இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அத்தை போன் கிடைக்கவில்லை. பெட்டிகளையெல்லாம் இங்கேயே இறக்கியாயிற்று. வண்டி காலி. முன்சீட்டில் உட்கார், ஜன்னலைத் திறந்து வை. அத்தையைக் கூட அழைத்துவா. குப்புறப் படுத்தால் மூச்சுக்கு இதமாக இருக்கும் என்றால் பின்னால் பாய் விரித்திருக்கிறது.

உன் பாடு முறையை இந்தச் சுற்றுக்கு நிறுத்திவிட்டார்களாம். நீ உண்மைக் கணக்குக் கொடுத்ததால் வியாபாரி மீன் எடுக்க வரவில்லை என்று ஊர்க் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்களாம். சின்னப்பன் அண்ணன் சொல்லித்தான் தெரிகிறது. நீ ஒரு வரிகூட எழுதவில்லை. முன்பெல்லாம் இதற்கு நாலு பக்கம் எழுதியிருப்பாய். கூட்டத்தில் இருநூறு பேரை ஒற்றை ஆளாய் எதிர்த்து நின்றேன் என்று எழுதியிருப்பாய். நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஐந்தாம் நாள் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையா, அதிலும் குறைத்தாயா? டாக்டர் கேட்டால் சரியாகச் சொல்.

அம்மாவின் பெயரை ஏற்ற எவ்வளவோ பார்த்தேன். பரிசோதனை முடிவு இல்லாமல் ஏற்கவில்லை. மேலதிகாரி வரை போனேன், பாவப்பட்டார், முடியாது என்றார். அவள் இனி எந்தக் கணக்கிலும் வரமாட்டாள் மாமா. அதை நினைத்தால் உன்மேல் எனக்கு அடங்கவே அடங்காத கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைக் காட்ட எனக்கு வேறு யாரும் இல்லை. அம்மாவும் இல்லை.

படுக்கை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் வரவில்லை என்றால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் ஏதாவது சொல்லு. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

காய்ச்சல் பத்தியில் உன் பெயரை ஏற்றிவிட்டேன். அதற்கு அடுத்த பத்தியில் நான் எதையும் எழுதமாட்டேன். எழுதவைக்காதே.

வண்டியில் ஏறு.

பூவு